யார் வாயில் அந்தச் சொல்?

தாம்பரம் டு பீச் லோக்கலில் காலேஜ் பசங்க கூட்டத்துக்குள் ‘ஒம்போது’ வெறும் எண்ணாக இருப்பதில்லை. நடையில் கொஞ்சம் நெளிவு, குரலில் கொஞ்சம் மென்மை இருந்தால் போதும், வந்து ஒட்டிக்கொள்ளும். சேலையூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் என்மேலும் ஒட்டியிருக்கிறது. திருநங்கைகளைக் காயப்படுத்தப் புழங்கிய சொல், ஆண்களை விரும்பும் ஆணான என்னையும் சேர்த்துக்கொண்டது. வசைக்கு அவ்வளவு நுணுக்கமெல்லாம் தேவையில்லை.

அதனால்தான் அமெரிக்கக் கவிஞர் ராஜீவ் மொஹபீரின் ஒரு புத்தகத் தலைப்பு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 2021-ல் வந்த அவருடைய தன்வரலாற்று நூலின் பெயர் ‘ஆன்டிமேன்’. கயானாவிலும் கரீபியத் தீவுகளிலும் ஆண்களை விரும்பும் ஆணைத் திட்டுகிற சொல் அது. அடித்த கல்லையே எடுத்து அட்டையில் பதிப்பது துணிச்சலா, இல்லை அடிக்கிறவனுக்கு நாமே கொடுக்கும் லைசென்ஸா?

மொஹபீரின் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாக பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேறியவர்கள். 1838-ல் தொடங்கி 1917 வரை அப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பாலான கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து கிளம்பின. மெட்ராஸிலிருந்தும் சில கிளம்பின. கயானாவில் மாரியம்மனுக்கு இன்றைக்கும் பூசை நடப்பது அப்படித்தான். மொஹபீர் லண்டனில் பிறந்து, ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். அவருடைய பாட்டி, அவர் பாஷையில் ஆஜி, போஜ்புரியில் பாடுவார். குடும்பத்தில் அதற்கு மதிப்பில்லை. உடைந்த இந்தி, அவ்வளவுதான். பேரன் அந்தப் பாட்டுகளைக் கேட்டு எழுதினார், இந்தி கற்க வாரணாசி வரைக்கும் போனார், மொழிபெயர்த்தார். தன்னைப் பற்றிய உண்மையை உறவுக்காரர் ஒருவர் தன்னைக் கேட்காமலே குடும்பத்துக்குள் போட்டு உடைத்ததையும் அதே புத்தகத்தில் எழுதுகிறார்.

இரண்டு வெட்கங்கள் ஒரே வீட்டில் இருந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாட்டியின் பேச்சு ஒன்று, பேரனின் ஆசை இன்னொன்று. அவரைத் தாலாட்டிய மொழியும் திட்டிய மொழியும் ஒரே ஜனங்களின் வாயிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைத் துடைத்துவிட்டால் வீடே பாதி பொய்யாகிவிடும். தலைப்பை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் ஒரு ஆட்சேபம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் கவிஞருக்கு அந்தச் சொல் தலைப்பு. கயானாவில் ஒரு பையனுக்கு அது இன்னும் பின்னாலிருந்து வருகிற கல். அவர் மீட்டெடுத்ததால் அவனுக்கு வலி குறைந்துவிடுமா? குறையாது. அதனால் அந்த உரிமைக்கு ஒரு எல்லை வேண்டும். தமிழ் இலக்கணம் அந்த எல்லையை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது: தன்மை, முன்னிலை, படர்க்கை. வசைச்சொல்லை ‘நான்’ என்பதோடு சேர்த்துச் சொல்லலாம். அதன் விலையைக் கொடுத்தவர் சொல்பவர்தான். ‘அவன்’ என்பதோடு சேர்த்தால் அது மறுபடியும் வசையாகிவிடும், சொல்பவர் எவ்வளவு முற்போக்காளராக இருந்தாலும்.

படர்க்கைக்கு வேறு சொல் தேவை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு பிறப்பித்தார். தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதிய உத்தரவு. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-ல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. கவர்ன்மென்ட் பட்டியலில் கவிதை இருக்காது என்று சிரிக்கலாம். ஆனால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் எழுதும் ஏட்டுக்குக் கவிதை வேண்டாம், என்னை இழிவுபடுத்தாத ஒரு சொல் வேண்டும். தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையர் எல்லாம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற சொற்கள்.

மிச்சம் இருப்பது முன்னிலை. அதுதான் கஷ்டம். ‘எப்போடா பொண்ணு பாக்கலாம்?’ என்று கேட்கும் அம்மாவிடம் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னால், ஏதோ வியாதியின் பேர் என்று பயந்துவிடுவாள். தெருச் சொல்லைச் சொன்னால் தன்னையே திட்டியதாக எடுத்துக்கொள்வாள். அங்கே தேவைப்படுவது ஒரு சாதாரண வாக்கியம்: ‘எனக்குப் பசங்களைத்தான்மா புடிக்கும்.’ நாலு வார்த்தைகூட இல்லை. எந்தப் பட்டியலும் அதை எழுதித் தராது, மொஹபீரும் எனக்காகச் சொல்ல முடியாது.

அவர் கதையில் எனக்கு அதிகம் வலித்த இடம் வசைச்சொல் இல்லை. அவர் சொல்லவேண்டியதை இன்னொருவர் முந்திக்கொண்டு சொன்னதுதான். தலைப்பில் அவர் மீட்டெடுத்ததும், சொல்லைவிட, சொல்லும் முறையைத்தான் என்று நினைக்கிறேன். என் வாக்கியத்தை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. என்றைக்குச் சொல்வது என்பதை நான்தான் முடிவு பண்ணவேண்டும். நண்பர்கள் உட்பட, வேறு யாருக்கும் அந்த அவசரம் வேண்டாம்.