சைக்கிள் மிதிக்கும் காலும் ஸுஜூது செய்ய மடங்காத முழங்காலும்

பள்ளிவாசல் முன்னால் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பூட்டுகிறார். ஒளூச் செய்துவிட்டு உள்ளே வருகிறார். ஸஃப்பின் ஓரத்தில் கிடக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொழுகிறார். ஸலாம் கொடுத்தபின் மறுபடியும் சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "கடைக்குப் போகக் கால் வருகிறது, அல்லாஹ்வுக்கு ஸுஜூது செய்ய மட்டும் கால் வரவில்லையோ?" என்று ஒருவர் கேட்கிறார். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார். இஷாவுக்குள் மஹல்லா முழுதும் அந்தப் பேச்சுப் பரவிவிடுகிறது.

புறம் பேசியது குற்றம், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் கேள்வியையும் சேர்த்துத் தள்ளிவிட முடியாது. முழங்காலில் அறுவை செய்துகொண்டு தேறி வரும் ஒருவர், உலகக் காரியத்துக்கு எந்த அளவுகோலை வைத்துத் தம் காலை அளக்கிறாரோ, அதே அளவுகோலைத்தான் வணக்கத்துக்கும் வைக்கிறாரா? இதைப் பிறர் அவரிடம் கேட்பதை விட, அவரே தம்மிடம் கேட்டுக்கொள்வது பொருத்தம். அதற்கு முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தொடையெலும்பும் கீழ்க்காலெலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டு குருத்தெலும்புத் தகடுகளை வல்ல இறைவன் வைத்திருக்கிறான். மருத்துவர்கள் இவற்றை 'மெனிஸ்கஸ்' என்கிறார்கள். கிரேக்க மொழியில் அதற்குச் 'சின்னப் பிறை' என்று பொருள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக, வளைந்த பிறைகளைப் போலவே அவை இருக்கின்றன. உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பரப்பிக் கொடுப்பது அவற்றின் வேலை. கால் ஊன்றியிருக்கும்போது உடம்பு திடீரென்று திரும்பினால் இந்தப் பிறை கிழியும். வயதானவர்களுக்குத் தேய்ந்தும் கிழியும். அதன் வெளி ஓரத்துக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. ஆகவே அந்த ஓரத்தில் கிழிந்தால் தைத்து ஒட்டவைக்க வாய்ப்பிருக்கிறது. உள் ஓரத்தில் கிழிந்தால் பெரும்பாலும் ஒட்டாது. கிழிந்து தொங்கும் துணுக்கை மட்டும் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள்.

முன்னெல்லாம் இதற்காக முழங்காலையே திறந்தார்கள். இன்று இரண்டு மூன்று சிறு துளைகளே போதும். ஒன்றின் வழியாகக் கண்ணாடிக் குழல், மற்றொன்றின் வழியாகக் கருவி. 1918-ஆம் ஆண்டு டோக்கியோவில் கெஞ்சி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மஸாகி வாதனாபே 1962-இல் அதே வழியில் கிழிந்த மெனிஸ்கஸைச் செதுக்கி எடுத்தார். இப்போது பலர் காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 2013-இல் பின்லாந்து மருத்துவர்கள் 146 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேய்மானத்தால் மெனிஸ்கஸ் கிழிந்தவர்களுள் ஒரு சாராருக்கு அறுவை செய்தார்கள். மறு சாராருக்குத் துளையிட்டு, அறுவை செய்வது போலப் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தார்கள். நடுவயதில் வரும் தேய்மானக் கிழிசலுக்கு முதலில் தேகப்பயிற்சியைக் கொடுத்துப் பாருங்கள் என்று இன்று பல மருத்துவர்கள் சொல்வதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம். கத்தியை நாடுமுன் இதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நாம் விட்ட இடத்துக்கு வருவோம். தோலில் தெரியும் தழும்பு பயறளவுதான். அதனால் வீட்டிலுள்ளவர்களும் அண்டை அயலாரும், ஏன், நோயாளியுங்கூட, 'ஒன்றுமில்லை, சின்னத் துளை' என்று எண்ணிவிடுகிறார்கள். உள்ளே மூட்டு வீங்கியிருக்கும், தொடையின் முன்தசை சில நாட்களிலேயே இளைத்துப்போயிருக்கும் என்பது வெளிக்கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தத் தசைக்குப் பழைய பலத்தை ஊட்டத்தான் மருத்துவர்களே சைக்கிளை ஏவுகிறார்கள்! முதலில் நகராத சைக்கிளில், பெடலை முழுச்சுற்றுச் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆட்டுவது. பிறகு பாரமில்லாமல் முழுச்சுற்று. வீக்கம் வற்றியபின், மருத்துவரின் அனுமதியோடு சாலைக்கு வருவது. செதுக்கி எடுத்தவர்களுக்குச் சில வாரங்களில் இது கைகூடும். தையல் போட்டவர்களுக்கு இன்னும் நாளாகும்.

ஏன் சைக்கிள்? சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. முழங்கால் மடங்கி நீள்கிறதே தவிர, பாரம் சுமப்பதில்லை. பெடல் ஒரு சுற்று வருவதற்கு முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்கினால் போதும். சீட்டைச் சற்று உயர்த்தினால் அதற்கும் குறைவு. ஆனால் தொழுகையின் இருப்பில் என்ன நடக்கிறது? பிட்டம் குதிகாலைத் தொடும் அளவுக்கு முழங்கால் ஏறத்தாழ 150 பாகை மடங்குகிறது. உடம்பின் பாரமும் அதன்மேல் இறங்குகிறது. அப்படி ஆழமாக மடங்கும்போது மெனிஸ்கஸின் பின்பகுதி நசுங்குகிறது. கிழிசலும் தையலும் அதிகமாக இருக்கும் இடமும் அதுவே. ஸுஜூதுக்குப் போகும்போது தரையில் பதிவது முழங்காலின் முன்புறம், துளைகள் இட்டதும் அங்கேதான். தையல் போட்டவர்களை நான்கு மாதம் வரைகூட ஆழமாகக் குந்த வேண்டாம் என்று மருத்துவர்கள் தடுப்பதற்குக் காரணம் இதுவே.

ஆக, சைக்கிள் மிதிக்க முடிந்த கால் ஸுஜூதுக்கு மடங்காமல் இருப்பது பொய்யுமல்ல, நடிப்புமல்ல. ஸஃப்பில் நின்றுகொண்டு அடுத்தவரின் முழங்காலுக்குத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இதே கணக்கு நாற்காலியில் அமர்ந்திருப்பவரையும் விடுவதில்லை. ஸுஜூது செய்ய முடியவில்லை, சரி. நிற்கவும் முடியவில்லையா? கடை வாசலில் அரைமணி நேரம் நின்று பேசுகிறவர், தக்பீர் கட்டும்போது மட்டும் ஏன் உட்கார்ந்துவிடுகிறார்? ருகூஉவில் முழங்கால் ஏறக்குறைய நேராகவே இருக்கிறது. அதை ஏன் விட்டார்? கடற்கரை ஊர்களில் வலீமா விருந்தில் ஸஹனைச் சுற்றிக் கால் மடக்கி அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, அஸருக்கு நாற்காலி தேடுகிறவரை என்ன சொல்வது? தாய்மார்களுக்கும் இது பொருந்தும். அடுப்படியில் நிற்க இயலும்போது முஸல்லாவில் நிற்க இயலாமற் போவது எப்படி என்று ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் அவதிப்பட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்ததாகப் புகாரி ஷரீஃபில் காண்கிறோம். ஒவ்வொரு படியும் இயலாமையின் அளவுக்குத்தான் இறங்குகிறது. ஒரேயடியாகக் கீழ்ப்படிக்குத் தாவிவிட அனுமதியில்லை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஸுஜூது மட்டும் இயலாதவர் நின்று ஓதி, ருகூஉச் செய்து, பிறகு உட்கார்ந்து தலையைத் தாழ்த்தி ஸுஜூதை நிறைவேற்றுவார். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான சட்டத்தில், ஸுஜூது இயலாதவருக்கு நிற்கும் கடமையும் நீங்கிவிடும். அவர் உட்கார்ந்து சைகையால் தொழுவதே மேல் என்பார்கள். ஆகவே முதல் ரக்அத்திலிருந்தே நாற்காலியில் இருப்பவரைக் கண்டு அவசரப்பட்டு ஏதும் சொல்லிவிடாதீர்கள். அவர் தம் மத்ஹபின்படியே நடந்துகொண்டிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான மற்றொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. 'கால் போனாலும் போகட்டும், ஸுஜூதை விடமாட்டேன்' என்று மருத்துவர் சொல்லை மீறி மண்டியிடுகிறவர்கள். கேட்பதற்கு ஈமானின் உறுதி போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய அனுமதியுண்டா என்று கேட்டார்; கூட இருந்தவர்கள் இல்லையென்றார்கள். குளித்தார், இறந்துபோனார். அது தெரியவந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை அபூதாவூதில் படிக்கலாம். பெருமானார் (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றார்கள். விலாப்புறம் சிராய்த்தது என்று அனஸ் (ரலி) அவர்களும், பாதத்தில் அடிபட்டது என்று ஜாபிர் (ரலி) அவர்களும் அறிவிக்கிறார்கள். நலம் விசாரிக்கப் போன ஸஹாபாக்கள் கண்டது, அன்னார் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்ததைத்தான். கால்கள் வீங்கும் அளவுக்கு இரவில் நின்று வணங்கியவர்கள் அவர்கள். உட்கார வேண்டிய வேளையில் உட்கார்ந்தார்கள். இதைவிட வேறு சான்று வேண்டுமா?

உடம்பு நமக்குச் சொந்தமானதல்ல, அமானிதம். அதைப் பாழாக்கும் உரிமை வணக்கத்தின் பேராலும் நமக்கில்லை, விளையாட்டின் பேராலும் இல்லை. சைக்கிள் பிரியர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வலி குறைந்ததும் குணமாகிவிட்டதாக நினைத்துக் கேரியரில் மூட்டையை வைத்து, எதிர்காற்றில் எழுந்து நின்று மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் ஓடும் கனமான, கியர் இல்லாத சைக்கிள்களில் இது மூட்டுக்கு எவ்வளவு பாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. மிதிப்பதை விட ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் ஆபத்து அதிகம். அறுவை செய்த காலை ஊன்றி உடம்பைத் திருப்பிக்கொண்டு மறுகாலை வீசிப் போட்டால், கிழிந்ததே அப்படித்தானே! நல்ல காலை ஊன்றி, சைக்கிளைச் சாய்த்து, நிதானமாக ஏறலாம். மாலையில் மூட்டு வீங்கியிருந்தால் அன்றைய ஓட்டம் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

நோயாளிக்கும் பிரயாணிக்கும், அவர்கள் சுகமாக ஊரிலிருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை அப்படியே எழுதப்படுகிறது என்ற நற்செய்தி புகாரியில் இருக்கிறது. நாற்காலியில் தலையைத் தாழ்த்துகிறவருக்கு, தரையில் நெற்றி வைத்த நாளின் கூலி குறைவதில்லை. அப்படியிருக்க, அவர் யாருக்காக வெட்கப்பட்டு வலியோடு மண்டியிட வேண்டும்?

ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு முடிவு நாளும் உண்டு. உட்கார்ந்து தொழுபவருக்குத் தொழுகையின் நடுவிலேயே நிற்கும் சக்தி வந்துவிட்டால், எழுந்து நின்று மீதியைத் தொழ வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. சலுகையின் ஆயுள் அவ்வளவு நுட்பமாக அளக்கப்படுகிறது. நாம் பார்ப்பது என்ன? ஆறு வாரத்துக்கென்று நாற்காலியில் அமர்ந்தவர் ஆறு வருடமாகியும் எழுந்திருக்கவில்லை. கால் தேறிவிட்டது, பழக்கம் தேறவில்லை. வீட்டில் தனியாக, மெத்தென்ற விரிப்பின்மேல் ஒரு நாளாவது ஸுஜூதுக்கு முயன்று பார்த்தாரா என்றால், இல்லை. சைக்கிளுக்கு மட்டும் நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்தார், நாள் வந்ததும் ஏறிவிட்டார்.

மருத்துவரிடம் போகும்போது "எப்போது சைக்கிள் ஓட்டலாம்?" என்று கேட்கத் தவறுவதில்லை. அதோடு, "எந்த நாளிலிருந்து மண்டியிடலாம்? முழுதும் மடக்கி உட்காரலாமா? எவ்வளவு நேரம் நிற்கலாம்?" என்றும் கேளுங்கள். தொழுகையின் நிலைகள் எல்லா மருத்துவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. வெட்கப்படாமல் வாயால் விவரியுங்கள், அல்லது கூட வந்திருப்பவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். 'தொழலாமா' என்று பொதுவாகக் கேட்டால் 'தாராளமாக' என்றோ 'வேண்டாம்' என்றோ பொதுவாகத்தான் பதில் வரும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக விடை பெற்று, அதை உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் சொன்னால், எந்த நிலையை எப்படி நிறைவேற்றுவது என்று உங்கள் மத்ஹபின்படி அவர் சொல்லித் தருவார். இப்படி உரிய காரணத்தோடு உட்கார்ந்து தொழுத தொழுகைகளை, கால் குணமான பிறகு திருப்பித் தொழ வேண்டியதில்லை.