ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனா விஷயத்தில் விளக்கம் வேண்டியதில்லை. ஜப்தி வாரண்டோடு வருகிறவர் திரும்பும்போது பண்ட பாத்திரங்கள் கூடவே போய்விடுகின்றன. ஆமை பாவம் என்ன செய்தது? பழமொழியில் வருவது இந்த ஆமையே அல்ல, கல்லாமை, பொறாமை, இயலாமை என்ற ஆமைகள்தான் என்று பொருள் பண்ணுகிற பண்டிதர்கள் உண்டு. ஆமைக்காக யாரோ கருணையோடு போட்ட வக்காலத்து அது. கெட்டிக்காரத்தனம் இருக்கிறது; நம்பத்தான் முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே தேசத்தில் இன்னொரு சாரார் ஆமை வீட்டிலிருந்தால் லக்ஷ்மி கடாட்சம் என்று சொல்லி, பணம் கொடுத்து, பையில் மறைத்து வாங்கி வருகிறார்கள். ஒருவர் விரட்டுகிறார், ஒருவர் பூட்டி வைக்கிறார். ஆமையின் அபிப்பிராயத்தை இரண்டு பேருமே கேட்டதாகத் தெரியவில்லை.

நான் சொல்வது குளத்து ஆமையை அல்ல. தரையில் வாழும் நட்சத்திர ஆமையை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் இவற்றின் வறண்ட புதர்க்காடுகள், இலங்கையின் வறண்ட பகுதிகள், வடமேற்கே குஜராத், ராஜஸ்தான், அதை ஒட்டிய பாகிஸ்தான் பகுதி, இவ்வளவுதான் உலகத்தில் அதற்குச் சொந்த ஊர். கறுத்த ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர் விரித்தாற்போல் இறங்கும். மேஜைமேல் வைத்துப் பார்த்தால் யாரோ கைதேர்ந்தவர் போட்ட கோலம் என்றே தோன்றும். ஆனால் அது மேஜைக்காகப் போட்ட கோலம் அல்ல. காய்ந்த புல்லின் ஊடே வெயிலும் நிழலும் கோடு கோடாக விழுகிற இடத்தில் ஆமை அசையாமல் கிடந்தால், இரண்டடி தூரத்தில் நிற்பவன் கண்ணுக்குக்கூடப் படாது. ஒருவர் கண்ணிலும் படாமல் பிழைப்பதற்குக் கிடைத்த வேஷம் அது. அந்த வேஷத்தின் அழகுக்காகவே அது பிடிபடுகிறது.

பிடிப்பதும் சிரமமில்லை. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் காலையிலும் சாயங்காலத்திலும் மேய வெளியே வரும். வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். இது தெரிந்தவனுக்கு ஒரு சாக்கு போதும். ஓட வேண்டாம், வலை வேண்டாம். ஒரே ஒரு வியாபாரக் கேந்திரத்தை மட்டும் கவனித்து 2015-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அங்கே ஒரு வருஷத்தில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிபட்டதாகக் கணக்குச் சொல்கிறது. கால் தலை நீட்ட முடியாதபடி ஒட்டுநாடா சுற்றி, துணிமணிகளுக்கு நடுவில் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ முறை அப்படிப் பிடிபட்டிருக்கின்றன. 2019-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், காட்டு நட்சத்திர ஆமையை எந்த நாடும் வியாபாரப் பண்டமாக்கக் கூடாது என்ற பட்டியலில் அதைச் சேர்த்தன. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அன்பினால் வளர்க்கிறவர்களைப் பற்றித்தான் எனக்கு விசாரம். அவர்கள் கடத்தல்காரர்கள் அல்ல. கேட்டால் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “ஒரு தொந்தரவும் கிடையாது, இருக்கிற இடமே தெரியாது.” இந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. கிளியைக் கூண்டில் போட்டால் கத்தும். நாயைக் கட்டிப் போட்டால் ஊளையிடும். அக்கம்பக்கத்தார் வந்து கேட்பார்கள். ஆமை கத்தாது. அதன் கஷ்டம் வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள நடக்கிற கஷ்டம். புல்லும் பூண்டும் உதிர்ந்த பழமும் தின்கிற பிராணிக்குச் சோறும் ரொட்டியும் போட்டு, வெயில் படாத குளியலறை மூலையில் விட்டால், ஓடு மெலிந்து வளைகிறது, மேடுகள் கோணல்மாணலாக எழும்புகின்றன. மொசைக் தரையில் நகம் பிடிக்காமல் கால் வழுக்குகிறது. அது புகார் எழுதுகிற காகிதம் அதன் முதுகுதான். அதைப் படிக்கிறவர் யார்? நம் ஊரில் மௌனம் சம்மதத்துக்கு அடையாளம். பெண் பார்க்கிற கூடத்தில் எத்தனை பெண்களின் வாழ்க்கை இந்த ஒரு வசனத்தால் தீர்மானமாகியிருக்கிறது என்பது கதை எழுதுகிறவனுக்குத் தெரியும்.

நன்றாகக் கவனித்து வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். இங்கிலாந்தில் செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் இருந்தார். அவரைவிடக் கூர்ந்து பார்க்கிறவர் அகப்படமாட்டார். அத்தை காலமானதும், நாற்பது வருஷம் அவள் தோட்டத்திலிருந்த திமோதி என்ற ஆமை 1780-இல் அவருக்கு வந்து சேர்ந்தது. குளிர்காலத்துக்காக மண்ணுக்குள் புதைந்து உறங்கியதைத் தோண்டியெடுத்து, எண்பது மைல் வண்டியில் கொண்டுவந்தார். எடை போட்டார். நீந்துமா என்று பார்க்கத் தொட்டித் தண்ணீரில் போட்டார். அது முழுகி அடியில் திகைத்து நடந்தது. ஒரு கோடையில் திட்டிவாசல் வழியாக ஓடிப்போய் ஒரு வாரத்துக்குமேல் காணாமலும் இருந்தது. இத்தனையும் எழுதி வைத்தார்; ஆமையே தன் குறைகளைச் சொல்வதுபோலக்கூட ஒரு கடிதம் எழுதினார். அவர் 1793-இல் காலமானார், மறு வருஷம் ஆமையும் போயிற்று. அந்த ஓடு இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்பாடு அதைப் பரிசோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள், திமோதி ஆண் அல்ல, பெண் என்று. பதின்மூன்று வருஷம் கூடவே இருந்தவருக்கு, அப்பேர்ப்பட்ட கண்கள் இருந்தவருக்கு, அது தெரியவில்லை.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. கையில் எடுத்துப் பார்க்காத குழந்தைக்கு ஜீவராசிகள்மேல் பாசம் எங்கிருந்து வரும்? கோர்ஃபு தீவில் சிறுவனாக இருந்தபோது கண்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்த ஜெரால்டு டர்ரல்தான் வளர்ந்து, அழிகிற பிராணிகளைக் காப்பதற்கென்றே 1959-இல் ஜெர்சி தீவில் ஒரு விலங்குப் பூங்கா தொடங்கினார். மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு டர்ரலுக்காக எத்தனை ஆயிரம் பெட்டிகளில் எத்தனை ஜீவன்கள் செத்தன என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? குழந்தை பார்க்கட்டும். மழைக்குப் பின் புதர் ஓரத்தில் உட்கார்ந்து, அது புல்லைக் கடித்து இழுப்பதைப் பார்க்கட்டும். எழுந்து வரும்போது கை காலியாக இருக்கட்டும்.

இதையெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடலாம், ஏற்கெனவே ஆமை வைத்திருப்பவரைச் சந்திக்கும்வரை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் வீட்டில் பதினாறு வருஷமாக ஒன்று இருக்கிறது. யாரோ மகனுக்குக் கொடுத்தது. மகன் வெளிதேசம் போய்விட்டான். ஆமைக்கு முப்பது, நாற்பது வருஷம் ஆயுசு சர்வ சாதாரணம். அவருக்கு எழுபது. “பேசாமல் ஏதாவது காட்டில் விட்டுவிடட்டுமா சார்?” என்று கேட்டார். அதுவும் தப்பு என்றேன். எந்தக் காட்டில் பிறந்ததென்று தெரியாததை இன்னொரு காட்டில் விட்டால், வீட்டில் ஒட்டிய நோயை அங்கிருக்கிற ஆமைகளுக்குக் கொடுக்கும். தானாக இரை தேடிப் பிழைக்குமா என்பதும் நிச்சயமில்லை. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. வழக்குப் போடுவார்களோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒப்படையுங்கள் என்றேன்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி அதுவரை பேசாமல் நின்றிருந்தார். “அங்கே அதை யார் பேர் சொல்லிக் கூப்பிடுவா?” என்றார்.

“பேர் என்னம்மா?”

“கமலி.”

“கூப்பிட்டால் வருமா?”

அந்த அம்மாள் சற்று யோசித்தார். “வராது. ஒருநாளும் வந்ததில்லை” என்றார்.