அறப்பணியும் அரைவயிறும்

"வாத்தியார் வேலையை உதறிவிட்டாராம், கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாராம்!" நாசரேத் போன்ற ஓர் ஊரில் இப்படி ஒரு செய்தி பரவுமானால், கேட்போர் முகத்தில் முதலில் தோன்றுவது வியப்பு, அடுத்துத் தோன்றுவது வருத்தம், அதன்பின், மெல்ல மெல்ல, கண்டனம். வங்கி எழுத்தர் வேலையை விட்டவரை எவரும் கண்டிப்பதில்லை. கப்பல் கம்பெனிக் கணக்கர் வேறு கம்பெனிக்குப் போனால், "கெட்டிக்காரர்" என்பர். ஆசிரியர் போனால் மட்டும், துறவி காவியைக் களைந்துவிட்டதுபோல் பேச்சு எழுகிறது. ஏன் இந்த வேற்றுமை?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில் ஆழ்வார்திருநகரியை அடுத்து வருவது நாசரேத். பனையும் செம்மணல் தேரியும் சூழ்ந்த சீமை. பனையேறியின் மகன் ஏடு பிடித்தது இத்தகைய ஊர்களின் பள்ளிகளில்தான். ஏடு பிடித்த கை பின்னர்ச் சுண்ணக்கட்டியும் பிடித்தது. நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறி இறங்கிய குடும்பத்தில் ஒருவரை, ஊர் 'சார்' என்று அழைத்தபோது, அந்தச் சொல் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஆகவே அந்த நாற்காலியை விட்டு ஒருவர் தாமே எழுந்து போவது, ஊராருக்கு ஏதோ இழப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அதே நாசரேத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1876 முதல் 1908-இல் மறையும் வரை இவ்வூரில் பணியாற்றிய கனோன் ஆர்தர் மர்காஷிஸ் சமயம் பரப்ப வந்தவர். அவர் வந்த காலம் தென்னாட்டைத் தின்ற கொடும்பஞ்சத்தின் காலம். பெற்றோரை இழந்து நின்ற சிறுவர் கூட்டத்தைக் கண்டார். இவர்களுக்கு வெறும் ஏட்டுப் படிப்பு சோறு போடுமா என்று எண்ணினார். 1878-இல் கைத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சும், கொல்லும், தையலும் அங்கே பாடங்களாயின. படிப்பு உயர்ந்தது, தொழில் தாழ்ந்தது என்று சொல்லிச் சொல்லியே நூற்றாண்டுகளைப் பாழாக்கிய நாட்டில், உளியும் ஏடும் அண்டை வீட்டாராக வாழ்ந்த ஊர் இது. இன்று அவ்வூரிலேயே பொறியியற் கல்லூரியும் இருக்கிறது. வகுப்பறைக்கும் தொழிற்கூடத்துக்கும் இடையே நடந்து செல்வதைப் பாவம் என்று சொல்ல, மற்ற ஊர்களைவிட நாசரேத்துக்கு உரிமை குறைவு!

இனி, கண்டனத்தின் வேரைக் காண்போம். "ஆசிரியம் தொழிலன்று, அறப்பணி" என்பர். கேட்க இனிக்கும் சொல். ஆனால் எப்போது அந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்று உற்று நோக்குங்கள். ஆசிரியர் ஊதிய உயர்வு கேட்கும்போது எடுக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்கும்போது எடுக்கிறார்கள். பள்ளி நேரத்துக்கு மேல் வேலை வாங்கும்போது எடுக்கிறார்கள். கட்டணம் வாங்கும் நாளில் பள்ளி ஒரு வணிகம். சம்பளம் கொடுக்கும் நாளில் அது கோயில்! மளிகைக் கடைக்காரர் அறப்பணிக்கென்று அரிசி விலையைக் குறைப்பதில்லையே!

2012-ஆம் ஆண்டு தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி போன்றவற்றைக் கற்பிப்பது அவர்கள் வேலை. வாரத்தில் மூன்று அரைநாள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பின்னாளில் அத்தொகை உயர்ந்தது. ஆயினும் தொடக்கத்தில் போட்ட மதிப்பு அதுதான். கணினியைக் கற்பிப்பவருக்கு 5,000. அவரிடம் கற்ற மாணவன் நாளை சென்னையிலோ பெங்களூரிலோ முதல் மாதத்திலேயே அதைப்போலப் பன்மடங்கு வாங்கலாம். அந்த மாணவன் போன பேருந்தில் ஆசிரியரும் ஏறினால் மட்டும் குற்றமா? 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தனியார் பள்ளி ஆசிரியர் பலர் பாதிச் சம்பளத்துக்கும், சிலர் சம்பளமே இல்லாமைக்கும் தள்ளப்பட்டனர். அப்போது 'அறப்பணி' என்ற சொல் எந்த வீட்டில் உலை வைத்தது?

இன்னும் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் நினைவிருக்கும். அரைநாள் பள்ளி, மிச்ச நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. பிறப்பைக் காட்டி மனிதனை ஒரு தொழிலில் கட்டாதே என்பதுதான் அன்று எழுந்த குரல். பிறப்பால் கட்டுவது தவறு. புகழால் கட்டுவது மட்டும் சரியா? இருபத்திரண்டு வயதில் ஒருவர் எடுத்த முடிவு, அறுபது வயது வரை அவரை ஆளவேண்டும் என்பது எந்த நீதி? "உனக்கு விதித்ததை நீ செய்; பலனைக் கேளாதே" என்ற பழைய குரல்தான், காவியைக் கழற்றிவிட்டுக் கதர் உடுத்திக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்திருக்கிறது.

எதிர்வாதம் இல்லையா? இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. கணக்கரின் பேரேடு அழுவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை அழும். தேர்வுக்கு மூன்று திங்கள் இருக்கையில் கணக்கு ஆசிரியர் போய்விட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனிப்பயிற்சிக்குப் போகும்; இல்லாத வீட்டுப் பிள்ளை கணக்கையே விட்டுவிடும். ஆகவே கைவசம் இருக்கும் வகுப்பைக் கரை சேர்த்துவிட்டுப் போவது அவர் கடன். அதுவரையில் ஒப்புகிறேன். அதற்கு அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைகளுக்கும், அதற்கும் அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைகளுக்கும் அவரையே ஈடு வைப்பதை ஒப்பமாட்டேன். அவர்களுக்குக் கடன்பட்டது பள்ளி. அதற்கு மேல் அரசு. அதற்கும் மேல், பிள்ளை பெற்ற நாமெல்லாரும்.

நாசரேத்துக்குக் கிழக்கே கடல். அந்தக் கரையில் முத்துக்குளிப்பு புகழ்பெற்ற தொழில். தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மூச்சடக்கி மூழ்கும் வித்தை மட்டும் கைவிட்டுப் போகவில்லை. சங்கு குளிப்போர் அதே கடலில் அதே மூச்சோடு மூழ்கினர். தேடும் பொருள் மாறியது. கற்ற திறம் மாறவில்லை. ஆசிரியரும் அப்படித்தான். கடினமானதைக் கூறு கூறாகப் பிரித்து, தெரியாதவனுக்கு எந்தப் படியில் கால் இடறும் என்று முன்னரே அறிந்து, அந்தப் படியைத் தாழ்த்திக் கட்டும் திறம் அவருடையது. மென்பொருள் ஆக்குவோர் பலருக்கு இல்லாத திறம் அது. நாற்பது வயதில் இருபத்தைந்து வயது மேலாளர் முன் மாணவனாக நிற்கும் சங்கடத்தையும் அவர் தாங்கவேண்டும் என்பது வேறு செய்தி.

கடல் கடந்த தமிழரிடையே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர், சிறுகதை எழுதியவர், பின்னர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானவர். பொறியியல் படித்தவரல்லர். ஆயினும் கணிப்பொறியில் தமிழ் எழுத்து தெரியவேண்டும் என்று அதற்குள் இறங்கினார். 'கணியன்' என்ற எழுத்துருவும் விசைப்பலகையும் ஆக்கினார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அங்கே தமிழ் எழுத்திலேயே ஏறியதில் அவர் பங்கு பெரிது. 1997-இல் அந்நாட்டில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். 1999-இல் ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் ஆசிரியத்தை முற்றாக விட்டவரல்லர். ஆனால் தமக்குரிய எல்லை இதுதான் என்று பிறர் போட்ட கோட்டில் நின்றவரும் அல்லர். கரும்பலகையோடு நின்றிருந்தால் ஓர் அறையில் முப்பது பேருக்குத் தமிழ் கிடைத்திருக்கும்.

மறுபக்கமும் காணவேண்டும். கேரளத்து பைஜூ ரவீந்திரன் கணக்குக் கற்பித்துப் புகழ் பெற்றவர். 2011-இல் நிறுவனம் தொடங்கினார். 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றனர். 2024-இல் அது நொடிப்பு வழக்கில் நின்றது. தொழில்நுட்பத்துக்குப் போன ஆசிரியரெல்லாம் அறிவைப் பரப்புவார் என்பதற்கு உறுதிச்சீட்டு ஏதுமில்லை. பாடத்தைப் பண்டமாக்கி விற்கும் கடையிலும் அவருக்கு வேலை காத்திருக்கிறது. பெற்றோரின் அச்சத்தை அளந்து விலை போடத் தெரிந்தவர் அங்கே விரைவில் உயர்வார். அப்படி உயர்ந்தவரைக் கண்டியுங்கள். நானும் உடன் வருகிறேன். கடனைத் தீர்க்கவோ, மகளைப் படிக்கவைக்கவோ, தமக்கே பிடித்ததென்றோ நிரல் எழுதப் போனவரை விட்டுவிடுங்கள்.

அவர் எழுந்துபோன நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்கு விளம்பரம் வரும்: முதுகலைப் பட்டம் வேண்டும், கல்வியியல் பட்டம் வேண்டும், அனுபவம் வேண்டும், ஈடுபாடு வேண்டும். சம்பளம் மட்டும் 'நேரில் பேசப்படும்'. நேரில் என்ன பேசப்போகிறார்கள்?