மன்னிக்கச் சொல்லும் உரிமை

சிறு வயதில் சொந்த உறவினராலேயே பாலியல் கொடுமைக்கு ஆளான 12 பெண்களுக்கு, அமெரிக்க உளவியலாளர்கள் சுசான் ஃப்ரீட்மனும் ராபர்ட் என்ரைட்டும் மன்னிப்பை மையமாக வைத்துச் சிகிச்சை அளித்தார்கள். 1996இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அவர்களுடைய பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. வாழ்வின்மேல் நம்பிக்கை கூடியது. சமயப் பற்றுள்ளவர்களுக்கு இந்த முடிவு இனிக்கும். அவர்கள் கவனிக்க வேண்டியது காலக்கணக்கை. தனித்தனியாக, வாரந்தோறும், சராசரியாக ஓராண்டுக்கும் மேல் நடந்த சிகிச்சை அது. என்ரைட்டின் முறையில் முதலில் கோபம் வெளியே வர வேண்டும். மன்னிப்பதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான், முடிவும் பாதிக்கப்பட்டவருடையது. தேவாலயத்திலும் வீட்டுக் கூடத்திலும் “மன்னித்துவிடு” என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் இந்த ஓராண்டைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

சமயங்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, கணக்கே வைக்காதே என்னும் பொருளில் இயேசு விடை சொன்னார். யூத மரபிலோ, சக மனிதருக்கு இழைத்த தீங்கை பாவப் பரிகார நாளான யோம் கிப்பூரின் நோன்பும் போக்காது; தவறு செய்தவர் பாதிக்கப்பட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இஸ்லாம் நிகரான தண்டனை கோரும் உரிமையை ஏற்றுக்கொண்டே, மன்னிப்பவருக்கு இறைவனிடம் நற்கூலி உண்டு என்கிறது. ஆகவே, திருந்தாத ஒருவரை மன்னிக்க மறுக்கும் யூதரை நோயாளியாகப் பார்க்கும் ஆலோசகர், தம் சமயத்தை மருந்துச் சீட்டில் எழுதுகிறார்.

மன்னிப்பு என்னும் கனவே பலருக்குச் சித்திரவதையாகிவிடும் என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எச்சரித்தார். சரியான எச்சரிக்கை. குடும்பம் காப்பாற்றாத பெண், மன்னிக்க முடியாததால் கடவுளும் தன்னைக் கைவிட்டதாக எண்ணத் தொடங்குகிறாள். இதைவிடக் கொடிய தனிமை இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உளவியலாளர் எவரெட் வொர்த்திங்டனின் தாயார் 1996 புத்தாண்டையொட்டிக் கொலை செய்யப்பட்டார். கிறிஸ்தவரான வொர்த்திங்டன் கொலையாளியை மன்னித்தார். அப்படி மன்னிக்க விரும்பி வரும் பக்தரிடம், கோபத்தை உள்ளே அமுக்குகிறீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் அத்துமீறலே.

பாதிக்கப்பட்டவரின் நம்பிக்கை என்ன சொல்கிறது என்று ஆலோசகர் கேட்கலாம். அவர் மன்னிக்க நாடினால் துணை வரலாம். குணமானதற்கு அடையாளமாக மன்னிப்பை வைக்கக் கூடாது. மன்னித்தவரும் சாட்சிக் கூண்டில் ஏறலாம்; கொடுமை நடந்த வீட்டுக்குத் திரும்பாமலே இருக்கலாம். அறிவுரை சொல்லும் பெரியவர்களே, குருமார்களே, நடந்ததை முதலில் முழுவதும் கேளுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் தாமாகக் கேட்கும்வரை பேசாதீர்கள்.