வினை யாருடையது? ரஷ்ய மொழியின் ‘ஸ்யா’ விகுதி

ரஷ்ய வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘ஸ்யா’, ‘தன்னை’ என்று பொருள்படும் ‘சிபியா’வின் பழைய குறுவடிவம். பழைய கிழக்கு ஸ்லாவிய மொழியில் அது தனிச்சொல்; வினைக்கு முன்னும் நிற்கும். அது நிற்குமிடத்தின் விதிகளை ஆராய்ந்த மொழியியலாளர் ஆந்திரேய் ஸலிஸ்னியாக், இளவரசர் ஈகோரின் படையெடுப்பைப் பாடும் பழைய காவியம் பிற்காலப் போலி அன்று என்பதற்கு அவற்றையும் சான்றாக வைத்தார். பின்னாளில் அது வினையோடு ஒன்றிவிட்டது. முன்னிருக்கும் ‘த்’துடன் சேர்ந்து இன்று ‘ட்ஸா’ என ஒலிக்கிறது; உயிரெழுத்துக்குப் பின் பெரும்பாலும் ‘ஸ்’ ஆகிறது.

‘ஸ்யா’ ஒட்டிய வினைகளைத் தற்சுட்டு வினைகள் என்பது வழக்கம். ஆனால் செய்பவரே செயலுக்கும் ஆளாகிறார் என்ற விளக்கம், கழுவிக்கொள்வது, உடுத்திக்கொள்வது போன்ற சிலவற்றுக்கே பொருந்தும். ‘தோம் ஸ்த்ரோயிட்ஸா’ என்றால் வீடு கட்டப்படுகிறது. வீடு தன்னைக் கட்டிக்கொள்வதில்லை. ‘சபாக்கா குசாயிட்ஸா’ என்றால் அந்த நாய் கடிக்கும். யாரை என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. செயல் தனக்கு வெளியே ஒரு செயப்படுபொருளைத் தேடிப் போகாமல் நிற்பதே இவற்றின் பொதுத்தன்மை.

சமயச் சொற்களில் இந்தத் தன்மை ஆழமாகிறது. ஒருவரைக் கெஞ்சுவது ‘மலீத்’; கெஞ்சப்படுபவர் இரண்டாம் வேற்றுமையில் வருவார். இறைவனை வேண்டுவதோ ‘மலீட்ஸா’. இறைவன் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார். வேண்டுதல் கடவுளை அசைக்கும் செயலா, வேண்டுபவருக்குள் நிகழும் மாற்றமா என்பது பழைய கேள்வி. இலக்கணம் அதற்குத் தீர்ப்புச் சொல்லாது. இரண்டாவது விடைக்கு இசைவான வடிவத்தை வைத்திருக்கிறது, அவ்வளவே. செய்த பாவத்துக்கு வருந்துவதைக் குறிக்கும் ‘காயட்ஸா’ இன்று விகுதியில்லாமல் வழங்குவதேயில்லை. அஞ்சுவதும் சிரிப்பதும் அப்படியே.

நம்புவதிலும் இந்த விகுதி ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறது. ‘யா நி வேரியூ’ என்றால் ‘நான் நம்பவில்லை’. ‘ம்னே நி வேரிட்ஸா’ என்றாலோ எழுவாய் மறைந்து, ‘எனக்கு நம்பிக்கை வரவில்லை’ என்றாகிறது. முதலாவதில் மறுப்பவர் ஒருவர் இருக்கிறார். அடுத்ததில் நம்ப விரும்பியும் நம்பிக்கை கைகூடாதவர். நம்பிக்கை மன உறுதியால் வருவதா, அருளப்படுவதா என்ற விவாதத்தின் இரு தரப்புக்கும் ரஷ்ய மொழியில் வாக்கியம் உண்டு.

இத்தகைய எழுவாயற்ற வாக்கியங்களின் பெருக்கத்தை, மனித விருப்பத்துக்கு அப்பாற்பட்டதாக உலகைக் காணும் மனப்பாங்கோடு மொழியியலாளர் ஆன்னா வியெஷ்பிட்ஸ்கா இணைத்தார். அவர் கவனித்த வேறுபாடு உண்மையானது. அதிலிருந்து ஒரு மக்களினத்தின் இயல்புக்குத் தாவுவது மிகை. ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாள்தோறும் சொல்லும் தமிழர் விதிக்கு அடங்கியவர்கள் ஆகிவிடவில்லை. ரஷ்யரும் ‘நான் உறங்கவில்லை’ என்றும் சொல்வார், ‘எனக்கு உறக்கம் வரவில்லை’ என்றும் சொல்வார். எதைச் சொல்வது என்பதைச் சூழலை எடைபோட்டு அவரே முடிவுசெய்கிறார்.