வந்தவரும் போனவரும்

அயல்நாட்டுப் பயணிகளின் வருகை 1950-இல் உலகெங்கும் சுமார் 2.5 கோடி, 2019-இல் சுமார் 146 கோடி. அதில் பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்கே. மனிதன் மனிதனைத் தேடிப் போகிறான் என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு வெனிஸ் நகரம் நினைவுக்கு வந்தது. அதன் பழைய நகர்ப்பகுதியில் இன்று வாழ்வோர் 50,000-க்கும் குறைவு. வீடுகள் விடுதிகளாகின்றன, குடியிருந்தவர்கள் வெளியேறுகிறார்கள். 2024-இல், கூட்டம் மிகும் நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்.

விருந்து என்றால் புதுமை என்பது நம் மொழி வழக்கு. புதியவரை வரவேற்க வீட்டுக்காரர் இருக்க வேண்டாமா? வந்தவரை எண்ணுகிற நாம் போனவரை எண்ணுகிறோமா? கட்டணம் கொடுத்தவன் வாடிக்கைக்காரன் ஆகலாம், விருந்தினன் ஆவானா?

வெனிஸைப் பார்க்க எனக்கும் ஆசை உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.