போகிற தண்ணீரும் நம்முடையதே

புது மோட்டார்ஹோம் வாங்கியவர்கள் எடுத்த எடுப்பில் நெடும்பயணம் போவதில்லை. எட்டும் தூரத்தில் உள்ள ஒரு பூங்காவில் ஓரிரு இரவு தங்கி அதனோடு பழகிக்கொள்வார்கள். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் இடம், வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்கும் அல்கொன்குயின் மாகாணப் பூங்கா.

வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, பாத்திரங்களை அடுக்கி, படுக்கையை விரித்தால் குடிபுகுந்த நிறைவு வந்துவிடும். ஆனால் அந்த நடமாடும் வீட்டில் வாழும் முறையைக் கற்றுத்தருவது சுவரில் உள்ள ஒரு சின்ன அளவுகாட்டி. மூன்று தாங்கிகளின் நிலையை அது காட்டும். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் சமையலும் குளியலும் விட்ட அழுக்குத் தண்ணீர், மற்றொன்றில் கழிப்பறைக் கழிவு. முதலாவது இறங்க இறங்க மற்ற இரண்டும் ஏறும்.

நகரத்து வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. வடிகால் துளைக்குள் போனதும் நம் நினைவிலிருந்தும் போய்விடுகிறது. மோட்டார்ஹோமில் அப்படி மறக்க முடியாது. பல் துலக்கும்போது கை தானாகவே குழாயை மூடும். எண்ணெய்த் தட்டைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவத் தோன்றும். யாரும் கண்டித்துச் சொல்ல வேண்டியதில்லை. அளவு கண்ணில் பட்டாலே போதும், பொறுப்பு வந்துவிடுகிறது.

அழுக்குத் தண்ணீரை மரத்தடியில் திறந்துவிடவும் கூடாது. அதிலுள்ள உணவுத் துணுக்கின் மணம் கரடியை அழைத்துவரும். சவர்க்காரம் மண்ணோடு ஏரிக்குள் இறங்கும். அல்கொன்குயினில் 2,400க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. 1893இல் அந்தப் பூங்காவை அமைத்ததன் நோக்கங்களில் ஒன்றே, அங்கு பிறக்கும் ஆறுகளின் தலைநீரைக் காப்பதுதான். ஆகவே புறப்படும் நாளில் கழிவகற்றும் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, கையுறை மாட்டி, முதலில் கழிப்பறைத் தாங்கியைத் திறக்க வேண்டும். அடுத்துத் திறக்கும் சமையல், குளியல் தண்ணீர் கழிவு போன குழாயைக் கழுவிக்கொண்டு போகும். முகம் சுளிக்க வைக்கும் வேலைதான். ஆனாலும் நாம் உண்டாக்கியதை நம் கையாலேயே உரிய இடத்தில் சேர்ப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

அந்த நேர்மை வீடு திரும்பிய பிறகும் நம்மோடு இருக்க வேண்டும். ரொறன்ரோவின் குடிநீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு அதே ஏரிக்குத்தான் திரும்புகிறது. அளவுகாட்டி நம் சமையலறைச் சுவரில் இல்லை. தண்ணீரின் கணக்கு மட்டும் அங்கும் அதேதான்.

இன்று பொரித்து மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்றாமல் ஆறவைத்துக் குப்பையில் சேர்ப்போம். மிஞ்சிய மருந்தைக் கழிப்பறையில் கொட்டாமல் மருந்தகத்தில் திருப்பிக் கொடுப்போம். வருகிற தண்ணீருக்கு நன்றி சொல்லத் தெரிந்த நாம், போகிற தண்ணீருக்கும் பொறுப்பேற்போம்.